மல்லித்தண்ணீருக்கும் ஒரு பரீட்சை

மலைநாட்டுத் தோட்டங்களிலே வைத்தியர் எட்டிப்பாராத லயன் உண்டு. மருந்துச்சாலை பூட்டிக்கிடக்கும் நாளும் உண்டு. கொத்தமல்லி இல்லாத அடுப்படி மட்டும் இல்லை. தடிமன் பிடித்தால் மல்லித்தண்ணீர்; காய்ச்சல் கண்டால் மல்லித்தண்ணீர்; கொழுந்து மலையிலிருந்து முதுகு ஒடிந்து திரும்பும் பெண்ணுக்கும், காரணம் சொல்லத் தெரியாமல் மூலையில் முடங்கிக் கிடப்பவளுக்கும் அதே மல்லித்தண்ணீர். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரையிலும், நுவரெலியாவிலிருந்து இராகலை வரையிலும் இதில் வேற்றுமை காண முடியாது. அடிவாரத்துச் சிங்களக் கிராமங்களிலும் அது கொத்தமல்லி என்ற பெயரோடுதான் கொதிக்கிறது.

இந்தத் தண்ணீர் நாம் நம்புவதையெல்லாம் உண்மையிலேயே செய்கிறதா என்று கேட்டால், சிலருக்கு அது முன்னோரை அவமதிப்பதாகத் தோன்றும். வேறு சிலருக்கோ, பாட்டி வைத்தியத்துக்குப் பரிசோதனை எதற்கு, பேசாமல் குளிசையை விழுங்கிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். இரு சாராரும் ஒரே தவறைச் செய்கின்றனர் என்பது என் கருத்து. ஒருவர் பாராமலே நம்புகிறார். மற்றவர் பாராமலே தள்ளுகிறார். மல்லித்தண்ணீரை முறைப்படி பரிசோதிக்க வேண்டும். அதைக் குடிக்கும் மக்களிடையே, அவர்கள் காய்ச்சும் விதத்திலேயே, அவர்கள் வலியைச் சொல்லும் வார்த்தைகளிலேயே பரிசோதிக்க வேண்டும். இதுவே நான் இங்கு சொல்ல விழைவது.

கடல் கடந்து வந்த விதை

மல்லி தேயிலை மலையில் விளைவதன்று. நம் முன்னோர் மன்னார் வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்ததுபோல, அதுவும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து கடைக்காரன் சாக்கில் ஏறுகிறது. அதன் தொன்மையோ மிகப் பெரிது. எகிப்திலே 1922இல் திறக்கப்பட்ட துத்தன்காமன் மன்னனின் கல்லறையிலும் கொத்தமல்லி இருந்தது. சித்த வைத்தியம் அதனைப் பித்தம் தணிக்கும் சரக்குகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. சிங்கள வைத்தியத்தின் ஐந்து சரக்குக் கஷாயமான பஸ்பங்குவவிலும் மல்லிக்கு இடமுண்டு.

விதை என்று நாம் சொல்வது தாவரவியலின்படி காய்ந்த கனி. அந்தச் சிறு உருண்டைக்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கிடக்கின்றன. அதில் அடங்கிய வாசனை எண்ணெய் மிகக் கொஞ்சம். நூறு பங்கில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்த எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லினலூல் என்னும் ஒரே பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழும்பு ஏலத்துக்குப் போகும் நம் கறுப்புத் தேயிலையின் நறுமணத்திலும் இதே லினலூல் முக்கிய பங்கு வகிக்கிறது. கூடையில் நாள் முழுவதும் சுமக்கும் இலையிலும், இரவில் கேத்தலில் கொதிக்கும் மல்லியிலும் ஒரே பொருளின் வாசனை இருக்கிறது.

எலியின் பாதமும் மனிதரின் முதுகும்

விஞ்ஞானிகள் இந்த விதையை ஆராயாமல் விட்டுவிடவில்லை. வலியையும் வீக்கத்தையும் அளப்பதற்கு அவர்களிடம் பழகிப்போன சில முறைகள் உண்டு. செங்கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்னும் பொருளை எலியின் பாதத்தில் ஏற்றுவர், பாதம் வீங்கும். மருந்து கொடுத்த எலியின் பாதம் எவ்வளவு குறைவாக வீங்குகிறது என்று மணிக்கு மணி அளப்பர். சூடேற்றிய தட்டில் எலியை விட்டு, அது எத்தனை நொடியில் காலைத் தூக்கி நக்குகிறது என்று எண்ணுவர். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூட்டுகளில் செயற்கையாக வாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொத்தமல்லிச் சாற்றைக் கொடுத்தபோது மூட்டு வீக்கம் குறைந்ததாகக் கண்டனர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு; ஆனால் அது மல்லிக்கன்று, தேயிலைக்கு. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரத்னசூரியவும், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்தோரும் இலங்கைக் கறுப்புத் தேநீரை இதே பாத வீக்கப் பரிசோதனைக்கு உட்படுத்தி, அது எலிகளில் வீக்கத்தைத் தணிப்பதாக 2009இல் எழுதினர். தேநீருக்குக் கிடைத்த கவனம் மல்லித்தண்ணீருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? தேநீரை உலகம் வாங்குகிறது. மல்லித்தண்ணீரை லயத்தார் மட்டும் குடிக்கின்றனர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எனினும் எலியின் பாதத்தில் கிடைத்த விடையைக் கொண்டு மனிதரின் முதுகைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. எலியின் வீக்கம் அன்று காலை ஊசியால் வந்தது. கொழுந்து பறிப்பவளின் முதுகுவலி இருபது ஆண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கியதால் வந்தது; நாள்தோறும் பதினெட்டு, இருபது கிலோ இலையைச் சுமந்ததால் வந்தது; சுமைக்கயிறு உச்சந்தலையை அழுத்தியதால் வந்தது. எலிக்கு மறுநாள் வேலை இல்லை. இவளுக்கோ விடிந்தால் பெரட்டு.

மஞ்சள் நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை. மஞ்சளிலுள்ள குர்குமின் எலிகளிடத்தும் கண்ணாடிக் குடுவைகளிலும் செய்த அற்புதங்களைப் படித்தவர்கள், அது எல்லா வீக்கத்துக்கும் அருமருந்து என்றே எண்ணியிருப்பர். 2017இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு, 120க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்தும், நோயாளிக்கும் வைத்தியருக்கும் எது மருந்து எது போலி என்று தெரியாத வகையில் நடத்தப்பட்ட கடுமையான பரிசோதனை ஒன்றிலேனும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எடுத்துக் காட்டியது. எலிப் பரிசோதனையைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது.

அமைதியா, மந்தமா?

உடல்வலியை விட நுட்பமானது மனத்தின் வேதனை. அதையும் எலியிடம் அளக்கின்றனர். நிலத்திலிருந்து உயர்த்திய சிலுவை வடிவான பாதையில் இரண்டு கைகள் சுவரோடும் இரண்டு கைகள் சுவரின்றியும் இருக்கும். அஞ்சும் எலி சுவருக்குள் ஒடுங்கிக்கிடக்கும். அச்சம் தணிந்தால் திறந்த பாதையில் உலாவ வரும். ஈரானின் ஷிராஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2005இல், கொத்தமல்லியின் நீர்ச்சாற்றைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். உடலெடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் கொடுத்தபோது எலிகள் திறந்த பாதையில் அதிக நேரம் தங்கின. மல்லி மனத்தை அமைதிப்படுத்துகிறது என்ற செய்தி அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

ஆனால் அதே ஆய்வில் வேறொன்றும் இருந்தது. அதைப் பலர் சொல்வதில்லை. அதே அளவுகளில் எலிகளின் இயல்பான நடமாட்டம் குறைந்தது. தசைகளின் ஒத்திசைவும் தளர்ந்தது. அச்சம் தணிவதும் உடல் மந்தமாவதும் வெவ்வேறு. மெத்தையில் சாய்ந்து இரவில் ஒரு கோப்பை அருந்துபவருக்கு இந்த வேற்றுமை பெரிதாகத் தோன்றாது. மழையில் வழுக்கும் சரிவில், அட்டை கடிக்கக் கால்மாற்றி நின்று, கிலோக் கணக்குக்குப் பறிப்பவளுக்கு அது பெரிது. அவளுக்கு மருந்து என்று ஒன்றைக் கொடுப்பதற்கு முன், அது அவள் மனத்தை ஆற்றுகிறதா, காலைத் தளர்த்துகிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

எலியின் அளவை மனிதருக்கு மாற்ற மருந்தியலார் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். சுண்டெலிக்குரிய அளவை ஏறக்குறைய 12ஆல் வகுப்பர். அவ்வாறு பார்த்தால் 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 400 மில்லிகிராம் சாறு போதும் என்று வரும். காகிதத்தில் கணக்குச் சுலபம். ஆனால் அந்தச் சாறு ஆய்வுகூடத்தில் வற்றவைத்து எடுத்தது. எலிக்கு வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தியது. நம் வீட்டு மல்லித்தண்ணீர் அதுவன்று.

கேத்தலில் நடப்பது

இங்குதான் நம் வீட்டு வழக்கத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. என் அப்பாயி மல்லியை இருப்புச்சட்டியில் வாசம் எழும்வரை வறுப்பார். இஞ்சியைத் தட்டிப் போடுவார். மூடாத பாத்திரத்தில் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிடுவார். கருப்பட்டி இருந்தால் ஒரு துண்டு. அக்காலத்தில் வீடு முழுவதும் மல்லி மணக்கும். அந்த மணம் எங்கிருந்து வருகிறது? லினலூல் நீராவியோடு கலந்து எளிதில் வெளியேறும் இயல்புடையது. நன்றாக வறுத்து, திறந்து வைத்து, நெடுநேரம் கொதிக்கவைத்தால் அதன் பெரும்பகுதி லயத்துக் கூரைக்குப் போய்விடும். கோப்பையில் எஞ்சுவது நீரில் கரையும் வேறு பொருள்களும் இஞ்சியின் காரமுமே.

ஆகவே எலிக்குச் செலுத்திய சாறு ஒன்று. ஜெர்மனியில் மனப்பதற்றத்துக்கெனப் பரிசோதித்து விற்கும், லினலூல் நிறைந்த லவெண்டர் எண்ணெய் 80 மில்லிகிராம் அடங்கிய குளிகை ஒன்று. நாம் குடிக்கும் கஷாயம் மற்றொன்று. மூன்றுக்கும் ஒரே புகழைச் சூட்டுவது நேர்மையன்று. மனிதரிடத்து நடந்த மல்லிப் பரிசோதனைகளுள் நான் மதிப்பது தெஹ்ரானில் ஒற்றைத்தலைவலிக்காரர் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்து, 2016இல் வெளிவந்தது. எல்லாருக்கும் வழக்கமான மாத்திரை கொடுக்கப்பட்டது. அதனுடன் பாதிப் பேருக்கு மல்லிப் பாகும், மீதிப் பேருக்கு மல்லியில்லாப் பாகும் ஒரு மாதம் கொடுத்தனர். மல்லி பெற்றவர்களுக்குத் தலைவலியின் கடுமையும் அது வரும் தடவைகளும் குறைந்தன. நம்பிக்கையூட்டும் செய்தி, ஆயினும் அது பாகு, தலைவலி, மாத்திரையோடு சேர்த்து. கஷாயத்துக்கும் முதுகுவலிக்கும் அதுவே சாட்சியாகாது.

மல்லியைச் சந்தேகிப்பதாக என்னை எவரும் குறைகூற வேண்டாம். வெள்ளைக் குளிசைக்கும் இதே தராசைத்தான் பிடிக்கிறேன். தோட்ட மருந்துச்சாலைக்கு முதுகுவலி என்று போனால் கிடைப்பது பெரும்பாலும் பரசிற்றமோல். அவுஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்ட முதுகுவலிக்காரரிடையே நடந்து 2014இல் வெளியான பரிசோதனையொன்று, புதிதாக வந்த இடுப்பு முதுகுவலிக்குப் பரசிற்றமோல் போலிக் குளிசையை விட விரைவில் குணம் தரவில்லை என்று காட்டியது. பாட்டியின் கஷாயத்தைக் கேலி செய்துவிட்டுக் குளிசையை நீட்டுபவரும் ஒரு நம்பிக்கையைத்தான் நீட்டுகிறார். பரீட்சையின் முன் இரண்டும் சமம். விஞ்ஞானத்தில் எனக்குப் பிடித்த நீதி இதுவே.

சாதிக்காய்ப் பாணி தந்த பாடம்

பரிசோதியாமல் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2020 டிசம்பரில், பெருந்தொற்றுக் காலத்தில், கேகாலைப் பக்கத்தில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து செய்த பாணியை வாங்க, கூடுவதே ஆபத்தான நாளில் பெருங்கூட்டம் கூடியது. சாதிக்காயும் மல்லியைப் போலச் சமையலறைச் சரக்குதான். கண்டி மாவட்டத்தில் விளையும் விதைதான். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அப்பாணியைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. இதில் சாதிக்காயின் பிழை ஏதுமில்லை. சோதனைக்கு முன்னே புகழ்பாடியவர்களின் பிழை அது.

யாருடைய வார்த்தையில் அளப்பது?

பரிசோதனை எப்படி நடக்க வேண்டும்? வசதிகள் இல்லை என்று சொல்ல முடியாது. நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் 1962 முதல் இருக்கிறது. பேராதனையில் மருத்துவ பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கின்றனர். டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த 150 கட்டில் வைத்தியசாலை, தோட்டங்களின் நடுவிலேயே இருக்கிறது. இவர்கள் ஒன்றுகூடினால் போதும்.

ஒரு சாராருக்கு வீட்டு முறைப்படி காய்ச்சிய மல்லித்தண்ணீர்; மற்றொரு சாராருக்கு இஞ்சி மட்டும் இட்ட தண்ணீர்; இன்னொரு சாராருக்கு நிறமும் மணமும் ஒத்து மருந்துச்சத்து இல்லாத தண்ணீர். யார் எதைக் குடிக்கிறார் என்பதைச் சீட்டுக்குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மல்லியின் வாசம் மூக்குக்குப் பழகியது, மறைப்பது கடினம். கடினம் என்பதற்காகக் கைவிடலாகாது.

அளக்கும் அளவுகோல் அதைவிட முக்கியம். ஒன்று முதல் பத்து வரை வலிக்கு எண் கொடு என்று கேட்டால், வலியோடே வாழப் பழகிய பெண் மூன்று என்பாள்; அவள் மூன்று எங்கள் எட்டுக்குச் சமம். மறுநாள் சுமையைத் தூக்க முடிந்ததா, இரவில் புரண்டு படுக்காமல் தூங்க முடிந்ததா, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச முடிந்ததா என்று கேட்க வேண்டும். மனச்சோர்வு என்ற சொல்லை லயத்தில் எவரும் ஆள்வதில்லை. "மேலெல்லாம் வலி", "ஒண்ணும் பிடிக்கல", "நெஞ்சு பாரமா இருக்கு" என்பார்கள். உடலின் வலியும் மனத்தின் வலியும் அந்தப் பேச்சிலே பிரியாமல் கிடக்கின்றன. மொழிபெயர்த்த வினாக்கொத்தால் இதை அளக்க முடியாது. அவர்கள் சொற்களிலிருந்தே வினாக்களை எழுப்ப வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. நோயாளியின் சுயேச்சையான சம்மதமின்றி ஆராய்ச்சி கூடாது என்பதை 1964இல் ஹெல்சிங்கியில் உலக வைத்தியர்கள் பிரகடனம் செய்தனர். கங்காணியோ உத்தியோகத்தரோ பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்டால், "மாட்டேன்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆகவே தோட்ட நிருவாகத்தின் வழியாக இந்தப் பரிசோதனை நடக்கவே கூடாது. வருவதும் விலகுவதும் அவரவர் விருப்பம். விலகினால் ஒரு நாட்பேருக்கும் பங்கம் வராது என்று எழுத்திலே உறுதி வேண்டும். முடிவையும் முதலில் அவர்களிடமே, அவர்கள் மொழியிலேயே வந்து சொல்ல வேண்டும்.

விடை எதுவானாலும்

மல்லி பயன் தராது என்று முடிவு வந்தால் என்ன நட்டம்? தடிமனுக்குச் சூடான தண்ணீர் இதந்தானே. வேண்டியவர்கள் குடித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் நெஞ்சு பாரம் என்று சொல்லும் பெண்ணுக்கு ஒரு கோப்பையை நீட்டி, "இதைக் குடித்துவிட்டுப் படு, சரியாகிவிடும்" என்று அனுப்பும் வழக்கம் நின்றுபோகும். அந்த ஒரு கோப்பைக்குப் பின்னால் எத்தனை பெண்களின் நோய் வைத்தியரைக் காணாமல் போயிற்று என்பதை எண்ணினால், தோல்வியும் நமக்கு இலாபமே.

பயன் தரும் என்று முடிவு வந்தால் நான் மகிழ்வேன். உடனே அஞ்சவும் செய்வேன். "மல்லி இருக்கிறதே, வைத்தியர் எதற்கு?" என்று கேட்கும் வாய்கள் அன்று திறக்கும். சுமையின் கனத்தைக் குறைக்காமல், வைத்தியசாலைக்குப் போகும் பாதையைச் செப்பனிடாமல், மனநோய்க்குத் தமிழ் பேசும் ஒரு வைத்தியரை நியமிக்காமல், ஒரு பிடி மல்லியைக் காட்டிக் கணக்குத் தீர்க்கப் பார்ப்பார்கள். முதுகுவலிக்கு முதல் மருந்து சுமையைக் குறைப்பது என்ற உண்மையை எந்த விதையும் மாற்றிவிடாது. மல்லி துணைமருந்தாக இருக்கலாம். சாக்காக இருக்கக் கூடாது.

1925இல் தேயிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இந்நாட்டில் எழுந்தது. 1946இல் இலைக்குக் கொப்புள நோய் வந்தபோது அதன் அறிஞர்கள் இரவு பகலாக உழைத்தனர். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை என்று கண்டறிந்தனர். இலையின் நோய்க்கு இத்தனை நுட்பமான அளவைகளைக் கண்ட இந்த மலைநாடு, அந்த இலையைக் கிள்ளும் விரல்களின் வலிக்கும் அவற்றுக்குரியவளின் மனத்துக்கும் ஒரே ஒரு நேர்மையான பரிசோதனையை நடத்தித் தர முடியாதா? நடத்தித் தர வேண்டும் என்று கேட்பது தயவு வேண்டி அன்று. நூற்றைம்பது ஆண்டுத் தேயிலையின் கடன் அது.